நான்காவது கேள்வி

என் மகள் கூடத்தில் உட்கார்ந்து நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அசிட்டோனில் நனைத்த பஞ்சு, ஒவ்வொரு விரலாக. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் தலைதான் ஞாபகம் வந்தது. செங்கல்பட்டு ஆய்வுக்கூடத்தின் பின்னறையில், மதியம் சாப்பிட்ட கையோடு நீ கட்டிலில் படுப்பாய். மூளையின் மின்னலைகளைப் பதிவதற்காக நான் உன் மண்டையில் ஒயர்களைப் பசை போட்டு ஒட்டுவேன். பதிவு முடிந்ததும் இதே அசிட்டோனால் பசையைக் கரைத்து எடுக்க வேண்டும். உன் சுருட்டை முடியிலிருந்து அது லேசில் வராது. நான் பிய்ப்பேன். "மெதுவா மச்சான், அது மயிரு, கோரப்புல்லு இல்ல" என்பாய்.

நீ என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டாய், பார்த்த முதல் நாளிலிருந்து. நான் உன்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், அதுவும் முழுப்பெயர்.

செத்துப்போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். எனக்கு அது கைவராது. உன்மேல் எனக்குப் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது, நீ போய் இரண்டு வருடம் ஆகியும் அப்படியே இருக்கிறது. அந்தப் பொறாமையில் நான் உனக்கு ஒரு காரியம் செய்தேன். அது நான்தான் என்று உனக்குத் தெரியுமா தெரியாதா என்பது பல வருடம் என் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. உன் எதிரில் உட்கார்ந்து டீ குடித்த ஒவ்வொரு தடவையும் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தேன்.

முதலில் உன் தூக்கத்தைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். ஒயரை ஒட்டி முடித்து நான் இயந்திரத்தின் பக்கம் போவதற்குள் நீ குறட்டை விடுவாய். பேனாக்கள் காகிதத்தில் பெரிய பெரிய அலைகளாகப் போட ஆரம்பித்துவிடும். உன் முறை முடிந்து நான் படுத்தால் ஒரு மணி நேரம் ஓடிய காகிதம் முழுக்க விழிப்புதான். தூக்கத்தை ஆராய வந்தவனுக்குத் தூக்கம் வரவில்லை என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் ஆராய்ச்சி மாணவர்களாகச் சேர்ந்தோம். நான் திருக்கழுக்குன்றத்து வாத்தியார் மகன். நீ சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவன். உன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும், உனக்குத் தட்டுத் தடுமாறும். அதனால் முன்னால் போகப்போகிறவன் நான்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்படி யாரும் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

என் ஆராய்ச்சி பறவைகள். வேடந்தாங்கல் கரையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, நத்தைகுத்தி நாரைகள் கண்ணை எப்போது மூடுகின்றன, எப்போது திறக்கின்றன என்று நிமிடக் கணக்கில் எழுதுவேன். ஒரு மார்கழியில் நீயும் வந்தாய். பகலெல்லாம் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான் இது, துண்டு துண்டா தூங்கிகினு கீது" என்றாய். நாரைகள் அப்படித்தான், ஒரே மூச்சில் தூங்கினால் குஞ்சு பிழைக்காது என்று நான் பெரிய மனுஷன் மாதிரி விளக்கினேன். திரும்பி வரும் பஸ்ஸில் மதுராந்தகம் தாண்டும்வரை என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாய். அப்புறம் கேட்டாய்: "அப்போ மனுசன் மட்டும் இன்னாத்துக்கு ஒரே மூச்சா தூங்கணும்?"

அந்தக் கேள்வியில்தான் நீ உலகம் முழுக்கப் பேர் வாங்கினாய். என் நாரையைப் பார்த்து, என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நான் எடுத்த டிக்கெட்டில் கேட்ட கேள்வி. எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் நினைத்துப் பார்த்து வயிறெரிகிறேன்.

நீ உங்கள் ஊர்ப் பக்கத்துக் குப்பத்து மீனவர்களிடம் போனாய். அவர்கள் சாயங்காலமே சாப்பிட்டுப் படுத்து, விடிவதற்கு முன்னால் எழுந்து கட்டுமரத்தைத் தள்ளி, கரைக்குத் திரும்பி மீன் விற்று, மதியத்துக்கு மேல் மறுபடி படுப்பவர்கள். தூக்கம் இரண்டு துண்டு. அதைக் கோளாறு என்றுதான் புத்தகங்கள் சொல்லின. இல்லை என்று நீ காட்ட நினைத்தாய். கருவி வாங்க ஆய்வுக்கூடத்தில் காசில்லை. வலையில் கட்டும் ஈயக் குண்டை ஆள் கையில் கொடுத்து, கைக்குக் கீழே தகரத் தட்டை வைத்தாய். தூக்கம் வந்து விரல் தளர்ந்ததும் குண்டு விழும், தட்டு சத்தம் போடும், நீ மணி எழுதுவாய். எழுந்ததும் ஓரடி ஸ்கேலை மேலேயிருந்து விட்டு, எத்தனை அங்குலத்தில் பிடிக்கிறார்கள், அதாவது தூக்கம் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று பார்ப்பாய். அவ்வளவுதான் உன் விஞ்ஞானம். எனக்குச் சிரிப்பு வந்தது.

நானும் ஒரு மாதம் வந்தேன், உனக்கு ஒத்தாசைக்கு. டச்சுக்காரன் கோட்டைச் சுவருக்குக் கிழக்கே இருந்த வலைக் கொட்டகையில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை இருவரும், ராத்திரியில் நீ மட்டும். ஆடி மாதம். பாதி மாதம் போயிருக்கும், ஏழுமலை என்கிற பெரியவர் ஒரு நாள் மஞ்சள் கயிறு கட்டிய கையோடு வந்தார். "அம்மனுக்குக் காப்பு கட்டியாச்சு சார். இன்னும் பத்து நாளு மரம் கடல்ல எறங்காது. நீங்க இன்னாத்த வந்து எழுதப் போறீங்கோ?" என்றார். நான் சந்தோஷமாகப் பையை மூட்டை கட்டினேன். நீ அந்தப் பத்து நாளும் போய் எழுதினாய். கடலுக்கே போகாதவன் தூக்கத்தை எதற்கு எழுதுகிறாய், பைத்தியமா என்று கேட்டேன். "அவுங்க தூங்கறாங்க இல்ல, நான் எழுதறேன்" என்றாய்.

கட்டுரை எழுத ஆரம்பித்தபோது நீ என்னிடம் வந்தது ஞாபகமிருக்கிறது. "ஒரு மாசம் வெயில்ல கெடந்த மச்சான், உன் பேரையும் போட்டுக்கறேன்" என்றாய். கருவாட்டு வாடை அடிக்கும் கட்டுரையில் என் பெயர் வேண்டாம் என்றேன். சொன்னது அப்படியே, அதே வார்த்தைகளில். உன் முகம் ஒரு நொடி மாறியது. அப்புறம் சிரித்து, சரி என்று போய்விட்டாய்.

நாலைந்து வருடம் கழித்து, நான் செங்கல்பட்டிலேயே ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, எனக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. விஞ்ஞானப் பத்திரிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையைப் போடுவதற்கு முன்னால் அந்தத் துறையில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். யார் சொன்ன கருத்து என்பது எழுதியவனுக்குத் தெரியாது. உறையைப் பிரித்தால் உன் கட்டுரை. என்னிடம் ஏன் வந்தது என்று கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் புரிந்தது. என் நாரைக் கட்டுரையை நீ மேற்கோள் காட்டியிருந்தாய். பத்திரிகை ஆசிரியர் அதைப் பார்த்து, தூக்கத்தைப் பற்றித் தெரிந்த ஆள் என்று என் விலாசத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

எழுதியவன் எனக்கு வேண்டியவன், நான் பார்ப்பது முறையில்லை என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. மூன்று மாதம் பீரோவில், வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஆசிரியர் இரண்டு தடவை நினைவூட்டிய பிறகு உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். ஆறு கேள்வி. முதல் மூன்றும் சும்மா குடைச்சல்: ஈயக் குண்டு ஒரு கருவியா, ஸ்கேல் ஒரு சோதனையா, எழுதியவருக்கு அடிப்படைப் பயிற்சி உண்டா. நான்காவதை எழுதும்போது எனக்குக் கை பரபரத்தது. நீ அந்தப் பத்து நாள் கணக்கையும் மொத்தத்தில் கலந்துவிட்டிருந்தாய். திருவிழா பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. நான் எழுதினேன்: 'இந்த ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் பத்து நாள் படகு இறங்காது. அந்த நாட்களை எழுதியவர் பிரித்தாரா?' இதோடு தொலைந்தாய் என்று உறையை ஒட்டித் தபாலில் போட்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ தொலையவில்லை. பத்து நாளைத் தனியாகப் பிரித்தாய். பிரித்ததும் அதில் என்ன கிடைத்தது என்று நான் உனக்கே சொல்ல வேண்டியதில்லை. அதே ஆட்கள், அதே கொட்டகை. காப்புக் கட்டிய நாட்களில் இரவெல்லாம் ஒரே மூச்சில் தூங்கினார்கள், மற்ற நாட்களில் இரண்டு துண்டாக. ஸ்கேலைப் பிடித்ததில் எந்த வித்தியாசமும் இல்லை. துண்டுத் தூக்கம் கோளாறில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. அந்த ஒரு படம்தான் இன்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. உன்னைக் கவிழ்க்க நான் வெட்டிய குழியில் நீ கிணறு கண்டாய். அந்தப் படம் என் வயிற்றெரிச்சலில் பிறந்தது, ஆனால் என்னுடையது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

கட்டுரை அச்சாகி வந்த வாரம், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தாய். கடைசிப் பத்தியைக் காட்டினாய். பெயர் தெரியாத கருத்தாளருக்கு நன்றி, அவருடைய நான்காவது கேள்வி இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை என்று போட்டிருந்தாய். நீ கடலை உருண்டையைக் கடித்துக்கொண்டு சொன்னாய்: "அந்தாளு யாருன்னு தெர்ல மச்சான். கையில கெடச்சா வஞ்சிரம் வறுத்து சோறு போடுவேன்." நான் டீயை ஊதிக் குடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாய். உன் மனைவி ரீட்டா வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். உனக்குத் தெரியவில்லை என்ற நிம்மதியில் நாலாவதும் கேட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் தண்டனை. மாமல்லபுரத்தில் கடற்கரை ஓட்டலில் கருத்தரங்கு வைத்தார்கள். கைகுலுக்க வெள்ளைக்காரர்கள் உன் முன்னால் வரிசையில் நின்றார்கள், உன் ஆங்கிலம் அப்போதும் தட்டுத்தடுமாறியது, யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. என் சட்டையில் குத்திய அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு ஜப்பான்காரர், நீங்களும் செங்கல்பட்டா, அப்படியானால் அவரைத் தெரியுமா என்று ஆசையாகக் கேட்டார். தெரியும், கொஞ்சம் என்றேன். சாப்பாட்டு மேசையில் நீ என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "இவருதான் எனக்கு நாரைய காட்டினவரு" என்று எல்லோரிடமும் சொன்னாய். பாவம் பார்க்கிறாயோ என்று தோன்றியது. பாயசம் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

நம் துறையில் ஒருவன் எவ்வளவு பெரியவன் என்பதற்கு ஒரு எண்ணிக்கை இருக்கிறது. எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் உன்னை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கம்ப்யூட்டர் கூட்டிச் சொல்லும். இண்டர்நெட் வந்த காலத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய் உன் எண்ணிக்கையைப் பார்ப்பேன். வீட்டில் இணைப்பு வந்த பிறகு, தினமும் பல் துலக்குவதற்கு முன்னால். அது ஏறிக்கொண்டே போனது. சுனாமி அலை வந்து அந்தக் குப்பத்தைத் துடைத்துக்கொண்டு போன வருடத்தில்கூட ஏறியது. நீ கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் ஏழுமலை குடும்பத்துக்குக் கீற்றும் அரிசியும் சுமந்துகொண்டிருந்தாய். நான் வீட்டில் உட்கார்ந்து எண்ணினேன். இப்போது சிறுசேரிப் பக்கம் போனால், கம்பெனி வண்டிகளில் ஷிஃப்ட் முடிந்த பிள்ளைகள் கண்ணாடியில் தலை முட்டத் தூங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களைப் பற்றி எவன் எழுதினாலும் உன்னைத்தான் முதலில் சொல்கிறான்.

நீ மாரடைப்பில் போனாய், மதியத் தூக்கத்தில். சாவு வீட்டில் எல்லோரும் அதைக் கொடுத்து வைத்த சாவு என்றார்கள். எனக்கு அதிலும் எரிந்தது.

காரியம் எல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து ரீட்டா போன் செய்தாள். உன் காகிதங்களைப் பிரித்து வைக்க ஆள் வேண்டும், உங்களை விட்டால் யாருக்கும் புரியாது அண்ணே என்றாள். போனேன். மூன்று அட்டைப் பெட்டி. இரண்டாவதில் அந்தக் கட்டுரையின் ஃபைல் இருந்தது. உள்ளே பத்திரிகை உனக்கு அனுப்பிய கருத்துகள். என் மூன்று பக்கம், என் பெயர் மட்டும் இல்லாமல். அடிப்படைப் பயிற்சி உண்டா என்று நான் கேட்ட வரிக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை நீ. நான்காவது கேள்விக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில், உன் கோணல் எழுத்தில் ஒரு வரி: 'மச்சான் கரெக்டா சொல்றான்.'

எவ்வளவு பெரிய முட்டாள் நான். காப்புக் கட்டினால் பத்து நாள் படகு இறங்காது என்று எந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியும்? கட்டுரையில் இல்லாத திருவிழாவைக் கேள்வியில் கேட்க, அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் நீ. உறை உன் கைக்கு வந்த நாளே உனக்குத் தெரிந்துவிட்டது. கீழே இறக்க எழுதினேன் என்பதும் முதல் மூன்று கேள்வியிலேயே தெரிந்திருக்கும்.

ரீட்டா காபி கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்து என்னவோ என்று நினைத்தாள் போல. நானாகக் கேட்டேன், அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஞாபகம் இருக்கிறதா என்று.

"நல்லா கீதுண்ணே. வெடியக்காலைல அவரே சதுரங்கப்பட்டினம் போயி மீன் வாங்கினு வந்தாரு. மச்சான் வராரு, பெரிய துண்டா போடு, ரொம்ப கடன்பட்டுகீறேன்னாரு. இன்னா கடன்னு கேட்டேன், சொல்லவே இல்ல."

அடப்பாவி. நீ ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு இடத்தையாவது விட்டு வைத்திருக்கலாம். எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, என் தட்டில் நாலாவது துண்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாய். பெரிய மனசு என்று ஊரார் சொல்வார்கள். அதிலும் நீதான் முதல், நான் வரிசையில் கடைசி. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் உன்னை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன், பழக்கம். உன் எண்ணிக்கை ஏறியிருந்தது. முதல் தடவையாக, ஏனோ என்னுடையதையும் திறந்தேன். நான் எழுதியதில் யாராவது மேற்கோள் காட்டியது நாரைக் கட்டுரை ஒன்றைத்தான். அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீ. அடுத்ததும் நீ. அதற்கடுத்ததும் நீதான். மீனவனைப் பற்றி எழுதினாலும், லாரி டிரைவரைப் பற்றி எழுதினாலும், பிரசவ வார்டு நர்சுகளைப் பற்றி எழுதினாலும், எங்கேயாவது ஒரு வரியில் என் நாரைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாய். நீ செத்ததோடு என் எண்ணிக்கை நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஒன்றுகூட ஏறவில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இத்தனை வருடத்தில் நான் எழுதிய எதிலும் உன் பெயர் இல்லை. உன்னைச் சொல்லாமல் எழுதவே முடியாத இடங்களில்கூட உன்னைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அதற்காகவே பக்கம் பக்கமாக மெனக்கெட்டிருக்கிறேன்.

இந்த மார்கழியில் மறுபடி வேடந்தாங்கல் போனேன். பத்து நாள் கரையில் உட்கார்ந்து எழுதினேன். சின்னக் குறிப்புதான், நான்கு பக்கம். நேற்று ஒரு சிறிய பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். அதில் முதல் மேற்கோள் உன் கட்டுரை. தேவையா என்றால், தேவைதான், எப்போதும் தேவையாகத்தான் இருந்தது. நான்காவது கேள்வியைக் கேட்டவன் நான் என்றும் அடிக்குறிப்பில் என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறேன், கேட்ட காரணத்தோடு. அவர்கள் அதை வெட்டினாலும் வெட்டுவார்கள்.

அச்சாகி வந்தால் உன் எண்ணிக்கையில் ஒன்று கூடும். உனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அதைத் திறந்து பார்க்கப் போகிறவன் நான்தான், பார்த்ததும் வயிறெரியப் போகிறவனும் நான்தான், மச்சான்.